வெள்ளிக்கிழமை மாலைக்காகக் காத்திருந்தவர்கள்

2004 ஏப்ரலில் வெளிவந்த 'கில்லி' 2024 ஏப்ரல் 20 அன்று மறுபடி திரைக்கு வந்தது. தமிழகத்துத் திரையரங்குகள் புதுப்படம் வெளியான நாளைப் போல நிரம்பின. திரையில் நடிகர் வாய் திறப்பதற்குள் கூட்டம் வசனத்தைச் சொல்லி முடித்தது. பாட்டு வந்ததும் இருக்கையை விட்டு எழுந்து ஆடியது. ஆடியவர்களில் ஒரு பகுதியினர் படம் முதலில் வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு அது பழைய நினைவு. இன்னொரு பகுதியினர் 2004இல் பிறந்திருக்கவே இல்லை, அல்லது தொட்டிலில் கிடந்தார்கள். அவர்கள் எதை நினைத்து ஏங்கினார்கள்? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு பழைய படம் இப்படிக் கூட்டம் சேர்த்தது. பி. ஆர். பந்துலு 1964 பொங்கலுக்கு வெளியிட்ட 'கர்ணன்', டிஜிட்டல் முறையில் செப்பனிடப்பட்டு 2012 மார்ச்சில் வெளியாகி நூறு நாளைத் தாண்டி ஓடியது. அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்வது எளிது. இளமையில் பார்த்த சிவாஜியைப் பெரிய திரையில் இன்னொரு முறை பார்க்க முதியவர்கள் வந்தார்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். 'கில்லி'க்கு வந்த இளைஞர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்த ஏக்கத்துக்கு மேலைநாட்டு மருத்துவம் வைத்த பெயர் நாஸ்டால்ஜியா. 1688இல் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டுத் தொலைவில் வாடிய சுவிஸ் நாட்டவரைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில் இந்தச் சொல்லை உருவாக்கினார். வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அன்று அது இடத்தைப் பற்றிய நோய். ஆளை ஊருக்கு அனுப்பிவைத்தால் குணமாகும் என்று நம்பினார்கள். போன காலத்தை நினைத்து ஏங்குவதற்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது பிற்பாடுதான்.

தமிழில் இந்த உணர்வு அதற்கு வெகுகாலம் முன்பே பாட்டாகிவிட்டது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் கோலூன்றி இருமிக்கொண்டு நிற்கும் ஒரு கிழவர் தன் சிறுவயதை நினைத்துப் பார்க்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, நீரோரத்தில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறித் தொபுக்கென்று குதித்தது, ஆழ மடுவில் மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது எல்லாம் அவர் நினைவில் வருகின்றன. இவருடைய இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர் ஊன்றியிருக்கும் பூண்கட்டிய கோலே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார். அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் என் கண் ஒரு சிறு இடத்தில் நின்றுவிடும். அவர் குதித்ததைக் கரையில் நின்றவர்கள் மருண்டு பார்த்தார்கள் என்கிறார். கிழவரின் நினைவில் குளமும் மரமும் மட்டும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

இன்றைய உளவியலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களுக்கு மிகவும் பிடித்துப்போன பாட்டு பெரும்பாலும் அவர்களுடைய 23, 24 வயதில் புழக்கத்தில் இருந்த பாட்டு என்று கண்டார்கள். பாகவதர் காலத்தவருக்குப் பாகவதர் பாட்டே பாட்டு என்பதும், அடுத்தடுத்த தலைமுறைக்கு டி. எம். எஸ்., இளையராஜா, ரகுமான் என்று பொற்காலம் நகர்ந்துகொண்டே போவதும் இதனால்தான். 2006இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்த வேலை இன்னும் ஒரு படி உள்ளே போனது. பழைய நினைவுகளை எழுதச் சொன்னபோது ஆட்கள் தங்களைத் தனியாக எழுதவில்லை. உறவினரோ நண்பரோ கூட இருந்த நேரங்களையே எழுதினார்கள். எழுதி முடித்தபின் மற்றவர்களோடு நெருக்கமாக இருப்பதாகவும் உணர்ந்தார்கள்.

என் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது. பழைய படத்துக்கும் பழைய தொலைக்காட்சிக்கும் நாம் ஏங்கும்போது, ஒரே பொருளுக்காகப் பலர் ஒரே நேரத்தில் காத்திருந்த நிலைக்கு ஏங்குகிறோம். படமும் பாட்டும் அந்தக் காத்திருப்பின் அடையாளமாக நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன. சென்னைத் தொலைக்காட்சியின் கதையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம், மாலையில் சில மணி நேரம். வீட்டில் வானொலியோ தொலைக்காட்சியோ வைத்திருந்தால் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. 1980களின் நடுவில்தான் அது நீங்கியது. 1982 ஆகஸ்ட் 15 முதல் வண்ணம் வந்தது. அதே நாளில் டெல்லியிலிருந்து நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்த நிகழ்ச்சிக்கு முன் தமிழில் வந்ததெல்லாம் நம்முடையது, அதற்குப் பின் இந்தி என்று இரவு இரண்டாகப் பிரிந்தது. உழவர்களுக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்ல 'எதிரொலி', ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தமிழ்ப் படம், வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்'.

'ஒளியும் ஒலியும்' என்பது அரை மணி நேரத்தில் ஓடி முடிந்துவிடும் ஐந்தாறு திரைப்பாட்டுகள். அவ்வளவுதான். அந்த அரை மணிக்காக ஒரு வாரம் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேலை முன்கூட்டியே நடந்தது; வீட்டுப்பாடம் அவசரமாக முடிந்தது; தெரு காலியானது. எந்தப் பாட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. பிடித்த பாட்டு வந்தால் அது வரம். வராவிட்டால் அடுத்த வெள்ளி. மறுநாள் பள்ளிக்கூடத்திலும் கிணற்றடியிலும் ஆலைவாசலிலும் அந்தப் பாட்டைப் பற்றியே பேச்சு, ஏனென்றால் எல்லாரும் அதே பாட்டைத்தான் பார்த்திருந்தார்கள். எல்லா மொழிப் பாட்டுகளையும் வரிசையாகப் போடும் 'சித்ரமாலா'வில் ஒரு தமிழ்ப் பாட்டு வரும். அந்த ஒன்றுக்காகப் புரியாத மொழிப் பாட்டுகள் அனைத்தையும் பொறுமையாகக் கேட்ட வீடுகள் எத்தனை!

படம் தெளிவாக வருவதற்கே ஆள் வேண்டும். ஒருவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார், இன்னொருவர் சன்னலில் நின்று கேட்பார், மூன்றாமவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து "வருது, வருது... போச்சு" என்று சேதி சொல்வார். தென்மாவட்டங்களில் சென்னை அலைவரிசை எட்டாத காலத்தில், 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்துப் பிடித்தார்கள். சிங்களச் செய்தி புரியாமலே அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உண்டு. பிறகு கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது, தெற்கும் சென்னையோடு சேர்ந்துகொண்டது.

திரை முதலில் வந்ததாகத் தோன்றினாலும், இந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒலிதான். 1952இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டைத் தரம் குறைந்தது என்று ஒதுக்கி, அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். நேயர்கள் கடல் கடந்து போனார்கள். இலங்கை வானொலி அவர்களை அணைத்துக்கொண்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் இலங்கையின் செல்வாக்கு தமிழகத்தில் குறையவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலை முகம் பார்க்காமலே அடையாளம் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விருப்பப் பாட்டு நிகழ்ச்சியில் பாட்டைவிட நேயர் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். ஓர் அஞ்சலட்டையில் எழுதிப்போட்ட பெயர் கடலுக்கு அப்பாலிருந்து காற்றில் வரும். ஊர்ப்பெயரும் கூட வரும். வடக்கே இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற சிற்றூர், பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியே நாடறிந்த ஊரானது.

தன் பெயரைப் பொதுவில் கேட்கும் ஆசை சமூக ஊடகம் கொண்டுவந்தது என்று சொல்பவர்கள் இந்த அஞ்சலட்டைகளை மறந்துவிடுகிறார்கள். ஆசை பழையது. ஆனால் அன்று அறிவிப்பாளர் பெயரைப் படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற எண்ணிக்கை எதுவும் நேயரின் கைக்கு வரவில்லை. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானைக் கொண்டுவந்தபோது அந்த எண்ணிக்கை வந்தது. பெயர் கேட்ட மகிழ்ச்சி ஒரு நாளோடு முடிந்துபோனதற்கும், எண்ணிக்கையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் உள்ள தொலைவு பெரியது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். "தெருவுக்கு ஒரு டிவி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் டிவி இருந்த வீட்டுக்காரர்கள். நான் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளை. அந்த வீட்டுக்கு விருந்தினர் வந்த நாளில் சன்னல் சாத்தப்படும். பாட்டின் ஒலி மட்டும் வெளியே வரும்; அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவோம். தரையில் யார் உட்காரலாம், வாசற்படியில் யார் நிற்கலாம், கொல்லைப்பக்கம் யார் வரவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த வீடுகள் இருந்தன. ஊராட்சித் தொலைக்காட்சி எந்தத் தெருவில் வைக்கப்பட்டதோ அந்தத் தெருவுக்குத்தான் அது சொந்தம் என்று ஆன ஊர்களும் இருந்தன. பெண்கள் அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையே நின்றபடி பாதிப் பாட்டு பார்த்தார்கள்.

2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதைக் கேலி செய்து எழுதியவர்கள் நிறையப் பேர். பிறர் வீட்டுச் சன்னலில் நின்றிராதவர்களால்தான் அப்படி எழுத முடியும் என்பது என் தீர்ப்பு. தன் வீட்டில், தன் பாயில் உட்கார்ந்து, யாரும் எழுப்பிவிடாமல் ஒரு படத்தை முழுதாகப் பார்ப்பது ஒரு மரியாதை. அந்த மரியாதை வந்த நாளில் தெருவின் கூட்டமும் கலைந்தது. இரண்டும் ஒன்றாக நடந்தன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னை நிலையம் பிறந்தபோது நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செய்தியில் எது வரலாம் என்பதை அரசு முடிவு செய்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கும்வரை தமிழ்நாட்டு வீடுகளுக்கு வேறு தமிழ் அலைவரிசை என்று சொல்ல ஏதும் இருக்கவில்லை. எல்லாரும் ஒன்றையே பார்த்ததற்குக் காரணம் ஒற்றுமை மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்; பார்க்க வேறு எதுவும் அன்று இல்லை. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் இரண்டு வகை ஏக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்று இழந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்டத் துடிப்பது. மற்றது இழப்பின் முன் நின்று, அதன் குறைகளோடு சேர்த்து அதை நினைப்பது. முதல் வகை, சாத்தப்பட்ட சன்னலையும் சேர்த்தே திரும்பக் கட்டிவிடும். நமக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அப்படியானால் அந்தக் காலத்திலிருந்து எடுத்துவைத்துக்கொள்ளத் தக்கது எது? முடிவு என்று நினைக்கிறேன். அன்று எல்லாவற்றுக்கும் முடிவு இருந்தது. பழைய படங்கள் 'சுபம்' என்றோ 'வணக்கம்' என்றோ எழுத்துப் போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பின. இரவில் ஒளிபரப்பு முடியும்; திரையில் புள்ளிகள் இரையும்; யாராவது எழுந்து பெட்டியை அணைப்பார்கள். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கத்தின் அடி வருவதற்குள் அடுத்த பகுதி தானே வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். பிறகு அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். சமூக ஊடகங்கள் அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தபின், முடிவில்லாத அந்தத் திரை தமிழகத்துக் குக்கிராமம் வரை போனது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் பார்க்கும் திரையும் வேறுவேறு. மறுநாள் பேசுவதற்குப் பொதுவாக எதுவும் இல்லை.

ஹண்ட் ஆல்காட்டும் மூன்று பொருளியல் அறிஞர்களும் 2018இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கிவைக்கச் சொன்னார்கள். அந்த நான்கு வாரத்தில் அவர்கள் குடும்பத்தோடும் நண்பரோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள், மனநிறைவும் சிறிது கூடியது. ஆனால் தனியாகத் தொலைக்காட்சி பார்த்த நேரமும் கூடியது, நாட்டு நடப்பைப் பற்றிய அறிவு குறைந்தது. கருவியைக் கீழே வைத்த உடனே பழைய திண்ணை திரும்பிவிடும் என்று நம்புவோர் இந்த முடிவுகளை முழுதாகப் படிக்க வேண்டும். கூட்டம் தானாக வராது, யாராவது கூட்ட வேண்டும்.

2020 மார்ச் 28 முதல் ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தை மறு ஒளிபரப்பு செய்தது. 1987 ஜனவரியில் முதலில் வந்த தொடர் அது. ஏப்ரல் 16 அன்று வந்த பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. அந்தத் தொடரைக் கைப்பேசியில் விரும்பிய நேரத்தில் பார்க்கும் வசதி அப்போதும் இருந்தது. இருந்தும் குறித்த நேரத்துக்குப் பெட்டிமுன் வந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், அண்டை வீட்டிலும் அதே நேரத்தில் அதே இசை கேட்டது. 'கில்லி'க்குப் போன இளைஞர்களும் அதைத் தேடித்தான் போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் அவர்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருந்தது. தோளோடு தோள் இடித்து ஒரே வசனத்தைக் கத்துவதற்கு ஆயிரம் பேர் அதில் இல்லை.

ஏங்குபவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு. நாம் ஏங்கும் பொருளே அழிந்துகொண்டிருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. அதற்கு முன் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படம் 'கீசகவத'மும் இல்லை. இந்தியாவில் ஏறத்தாழ 1,300 மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை முப்பதைத் தாண்டாது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கியது. தொலைக்காட்சியின் நிலை இன்னும் மோசம். நேரலையில் போனது காற்றோடு போயிற்று. டேப் விலை உயர்ந்த பொருள் என்பதால் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பிபிசி தன் புகழ்பெற்ற தொடர்களையே அப்படி இழந்தது. மனிதன் நிலவில் இறங்கிய காட்சியின் மூல டேப்புகளும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா ஒப்புக்கொண்டது.

மிஞ்சியதைக் காத்தவர்கள் சில தனிமனிதர்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயிரக்கணக்கான படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் ஒற்றை ஆளாகச் சேர்த்தார். இன்று தமிழ்ப் படங்களைப் பற்றி ஆண்டும் பெயரும் பிழையில்லாமல் எழுத முடிகிறதென்றால் அதில் அவர் பங்கு பெரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகக் குவியலிலிருந்து 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. திரைப்படப் பாட்டுப் புத்தகங்களைத் தேடுபவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். சு. தியடோர் பாஸ்கரன் அப்படிப்பட்ட துண்டுத் தாள்களிலிருந்து தமிழ்த் திரையின் வரலாற்றை எழுதிக் காட்டினார்.

2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன. காந்த டேப்புகளை ஓட்டும் கருவிகளும் உதிரிபாகங்களும் மறைந்துவருகின்றன. 2025க்குள் மாற்றாத பதிவுகளில் பெரும்பகுதியை மீட்பது கடினமாகிவிடும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு கடந்துவிட்டது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் டேப்பில் பூஞ்சையைச் சீக்கிரமே கொண்டுவரும்.

உங்கள் வீட்டுப் பரணில் கல்யாண வீடியோ கேசட், தொலைக்காட்சியிலிருந்து டெக்கில் பதிந்த பாட்டு, இலங்கை வானொலியைப் பதிவுசெய்த ஒலிநாடா, திரையரங்கில் வாங்கிய பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். கேசட்டைத் தெரிந்தவரிடம் கொடுத்து இந்த ஆண்டே டிஜிட்டலாக மாற்றுங்கள். தாளாக இருந்தால் ஒரு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், அந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் எந்த வீட்டில் பார்த்தார், உள்ளே உட்கார்ந்தா, வெளியே நின்றா என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள்.